பழைய கணினிகளில் விரைவு விளையாட்டுக்கள், 1990–1996: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். இன்ன ஆண்டில் இன்ன செயலி வந்தது, அதன் வேகம் முன்னையதினும் இத்துணை மடங்கு மிக்கது என்ற வரிசையில் அவ்வரலாறு செல்லும். புதிய பொறியை வாங்க இயலாது, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒன்றையே வைத்துக்கொண்டிருந்த பெருந்தொகையினர் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. அவர்களது நிலையிலிருந்து நோக்கினால் அதே வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. இதனைக் காட்டுவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் இட் சொவ்ட்வெயர் என்னும் சிறு நிறுவனத்தாரின் நான்கு விளையாட்டுக்களை நாம் எடுத்துக்கொள்கின்றோம். அவை 1990ஆம் ஆண்டுக்கும் 1996ஆம் ஆண்டுக்கும் இடையில் வெளிவந்த கொமாண்டர் கீன், வுல்வென்ஸ்ரைன் 3டி, டூம், குவேக் என்பன. விரைந்த அசைவினைக் கொண்ட விளையாட்டொன்று வேகங்குறைந்த கணினியில் தடையின்றி ஓடுவதற்கென இவற்றிற் செய்யப்பட்டவை எவை, அவை யாரை உள்ளே கொணர்ந்தன, யாரை வெளியே நிறுத்தின என்பனவே நமது வினாக்கள். இவ்விளையாட்டுக்களின் வன்முறை பற்றி அக்காலத்தெழுந்த விவாதம் பெரிது; அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதலில் இடர்ப்பாடு யாதென விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி அலுவலக வேலைக்கென அமைக்கப்பட்டது. கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல் ஆகியவற்றுக்குத் திரை வேகமாக மாறவேண்டிய தேவை இல்லை. அதே காலப்பகுதியில் வீடுகளுக்கென விற்கப்பட்ட கொமடோர் 64, நின்ரென்டோ முதலிய பொறிகளிலோ, பின்னணிக் காட்சியை வழுக்கிச் செல்லவிடுவதற்கும் அதன்மேற் சிறு உருவங்களை ஓடவிடுவதற்கும் தனிச் சுற்றுக்கள் இருந்தன. ஐ.பி.எம். வகைக் கணினியில் இவ்வேலை முழுவதையும் செயலியே சுமக்க வேண்டியிருந்தது. ஆகவே நின்ரென்டோவிலும் பன்மடங்கு விலைகொண்ட அலுவலகக் கணினியொன்று, சிறுவர்களின் விளையாட்டுப் பொறி எளிதிற் செய்வதைச் செய்யவியலாது திணறிற்று. விலைக்கும் ஆற்றலுக்கும் நேரான தொடர்பு உண்டெனக் கருதுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

1990இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில், சொவ்ட்டிஸ்க் என்னும் நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் கார்மக் என்பார் இத்தடையைக் கடக்க ஒரு வழி கண்டார். அக்காலத்து இ.ஜி.ஏ. எனப்பட்ட திரையட்டை, தன் நினைவகத்தில் உள்ள படத்தின் எப்பகுதி திரையில் தோன்ற வேண்டுமென்பதைச் சிறிது சிறிதாக நகர்த்தும் வசதியைக் கொண்டிருந்தது. எனவே சிறு நகர்வுக்குப் புதிதாக எதனையும் வரைய வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஓட்டின் அகலமாகிய 16 புள்ளிகள் நகர்ந்தபின் காட்சியை மீள ஒழுங்கு செய்தல் வேண்டும். அவ்விடத்திற் கார்மக், முன்னிருந்த ஓட்டையும் வரவேண்டிய ஓட்டையும் ஒப்புநோக்கி, வேறுபட்டவற்றை மட்டும் வரைந்தார். வானம் முழுவதும் ஒரே நீல ஓடாக இருப்பின் அங்கு வரைவதற்கு எதுவுமே இல்லை. இம்முறை பயன்தர வேண்டுமாயின் காட்சியிற் பெரும்பகுதி ஒரேமாதிரியான ஓடுகளாலேயே அமைதல் வேண்டும். ஓவியரும் அரங்கமைப்போரும் நிரலாளனின் தேவைக்கு இசைந்து வேலை செய்தாலன்றி இது கைகூடாது. கார்மக்கும் ரொம் ஹோலும் ஓரிரவிற்குள் நின்ரென்டோவின் மூன்றாம் மாரியோ விளையாட்டின் முதல் அரங்கைக் கணினியில் ஆக்கிக் காட்டியமையும், நின்ரென்டோ நிறுவனத்தார் அதனை ஏற்க மறுத்தமையும் பலரும் அறிந்த செய்திகள். அதே முறையிற் பிறந்த கொமாண்டர் கீன் 1990 டிசெம்பர் 14ஆம் திகதி வெளிவந்தது. 1991 பெப்ரவரியில் இட் சொவ்ட்வெயர் நிறுவப்பட்டது.

வரையாமல் விடத்தக்கதைக் கண்டறிந்து வரையாமல் விடுதல் என்ற இக்கொள்கையே பின்வந்தவற்றுக்கும் அடிப்படை எனலாம். 1992 மே மாதத்தில் வெளிவந்த வுல்வென்ஸ்ரைன் 3டி, 80286 செயலி கொண்ட கணினியிலும் ஓடியது. 64க்கு 64 என்ற கட்டங்களால் ஆன தள வரைபடம், ஒரே உயரமான சுவர்கள், செங்கோணத் திருப்பங்கள், ஒற்றை நிறத் தரையும் கூரையும் என அதன் உலகம் மிகச் சுருங்கியது. திரையின் ஒவ்வொரு நிலைக்குத்து வரிசைக்கும் ஒரு கதிரை அனுப்பி, அது எச்சுவரில் எத்தொலைவில் முட்டுகின்றது என்று கண்டு, அத்தொலைவுக்கேற்ற உயரத்தில் சுவரின் ஒரு கீற்று வரையப்பட்டது. கீற்றின் உயரம் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய பொறிமொழிக் கட்டளைத் தொடர் விளையாட்டுத் தொடங்குமுன்பே ஆக்கி வைக்கப்பட்டமையால், வரையும் வேளையில் எவ்வளவு நீட்டுவது, எவ்வளவு சுருக்குவது என்று கணிக்கும் வேலை எஞ்சவில்லை. ஓடும் நேரத்து உழைப்பு, ஓடுமுன் செய்யப்படும் உழைப்பாக மாற்றப்பட்டது. இம்மாற்றத்தை நாம் பின்னருங் காண்போம்.

இனி டூம் விளையாட்டினைச் சற்று விரிவாக நோக்குவாம். 1993 டிசெம்பர் 10ஆம் திகதி வெளியான இவ்விளையாட்டுக்கு 80386 செயலியும் 4 மெகாபைற் நினைவகமும் போதும் என அறிவிக்கப்பட்டது. 386 செயலி 1985இல் அறிமுகமானது. ஆகவே எட்டாண்டு மூப்புடைய ஒரு செயலி வகையை மனங்கொண்டே இவ்வறிவிப்புச் செய்யப்பட்டது. இதன் பொருளைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். அக்காலத் திரை 320க்கு 200 என்ற அளவில் 64,000 புள்ளிகளைக் கொண்டது. டூம் செக்கனுக்கு 35 படங்களை உச்ச எல்லையாகக் கொண்டது. முழுத்திரையையும் அவ்வேகத்தில் நிரப்புவதற்குச் செக்கனுக்கு 2,240,000 புள்ளிகளை வரைதல் வேண்டும். 33 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள 386 செயலி செக்கனுக்கு 33 மில்லியன் துடிப்புக்களைக் கொண்டது. வகுத்துப் பார்ப்பின் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 15 துடிப்பிலும் குறைவு. அச்செயலியில் முழுநீள வகுத்தற் கணக்கொன்றுக்கே ஏறக்குறைய 40 துடிப்புக்கள் வேண்டும். எதிரிகளின் இயக்கம், ஒலி, பழைய இணைப்புவழியாகத் திரையட்டைக்குத் தரவு செல்லும் தாமதம் என்பன இக்கணக்கிற் சேரவில்லை. எனவே முழுத்திரையில் முழுவேகம் என்பது 386இல் இயலாத ஒன்று என்பது தெளிவு. டூம் அதனை இயலச் செய்தது என்று சிலர் எழுதுவது மிகைக்கூற்று. டூம் செய்தது வேறு: இயலாமையை விளையாடுவோன் தாங்கக்கூடிய அளவுக்குப் பகிர்ந்து வைத்தது.

அது எவ்வாறெனின், முதலாவதாகப் புள்ளிதோறும் வகுத்தல் என்பது அறவே நீக்கப்பட்டது. தொலைவிலுள்ள பரப்பு சுருங்கித் தோன்றுவதைச் சரிவரக் கணிக்க ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் தேவை. ஆனால் நிமிர்ந்த சுவரொன்றின் ஒரு நிலைக்குத்து வரிசையில் தொலைவு மாறுவதில்லை; சமதளத் தரையின் ஒரு கிடை வரிசையிலும் தொலைவு மாறுவதில்லை. சுவரை நிலைக்குத்தாகவும் தரையைக் கிடையாகவும் வரைந்தால் வரிசைக்கு ஒருமுறை கணித்தாற் போதும். டூமின் உலகிற் சாய்தளம் இல்லாமையும், பார்ப்பவன் தலையை நிமிர்த்தவோ தாழ்த்தவோ இயலாமையும் இதனாலேயே. கலை அமைதி எனச் சிலர் கொள்ளும் இப்பண்புகள் உண்மையிற் கணக்கின் கட்டாயங்கள். பின்னங்கள் யாவும் முழு எண்களாகவே, பதினாறு இருமவிலக்கங்களை முழுப்பகுதிக்கும் பதினாறினைப் பின்னப்பகுதிக்கும் ஒதுக்கி, நிலைப்புள்ளி முறையிற் கையாளப்பட்டன. 386 கணினிகளிற் பலவற்றில் மிதவைப்புள்ளித் துணைச்செயலி இல்லை. 1991இல் மலிவுவிலைக்கென வந்த 486எஸ்.எக்ஸ். செயலியிலும் அது இல்லை. அவர்களை விட்டுவிடாதிருக்க வேண்டுமாயின் முழு எண்களை விட வேறு வழியில்லை. கோணங்களுக்குரிய சைன் பெறுமானங்களும், தொலைவுக்கேற்ப நிறங்கள் மங்குவதற்குரிய மாற்றுக்களும் அட்டவணைகளாக ஆக்கிவைக்கப்பட்டன.

இரண்டாவது, எதனை முன்னர் வரைவது என்ற வினா. டூமின் அறைகள் வுல்வென்ஸ்ரைனின் கட்டங்களைப் போன்றவை அல்ல. எக்கோணத்திலும் சுவர் எழலாம், தரைகள் படிப்படியாக உயரலாம். ஜோன் ரொமேரோ அமைத்த சிக்கலான அரங்கொன்றில் முதலிற் கையாண்ட முறை தாங்காது வேகம் வீழ்ந்தது. இதற்கு விடையாக அமைந்தது வெளியை இரண்டிரண்டாகப் பகுத்துச் செல்லும் மர அமைப்பு. ஒரு சுவரின் நீட்சியால் வெளியை முன், பின் என இரு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் மேலும் அவ்வாறே பகுத்துச் சென்றால், பார்ப்பவன் எங்கு நின்றாலும் அண்மையிலுள்ளது முதலாகச் சேய்மையிலுள்ளது ஈறாக எல்லாவற்றையும் வரிசைப்படுத்துதல் எளிதாகும். அண்மைச் சுவர்கள் திரையின் எல்லா வரிசைகளையும் அடைத்தவுடன் மிகுதியை நோக்காமலே விடலாம். மரத்தை ஆக்குவது நெடுநேர வேலை. ஆயின் அது அரங்கை ஆக்கியவர்களின் நெக்ஸ்ட் கணினிகளில் ஒருமுறை செய்யப்பட்டு, முடிவு மட்டும் விளையாடுவோனுக்கு அளிக்கப்பட்டது. ஓர் அறையிலிருந்து பிறிதோர் அறையிலுள்ளது தெரியக்கூடுமா என்பதைக் கூறும் அட்டவணையும் இவ்வாறே முன்கூட்டி ஆக்கப்பட்டது. எதிரிகள் விளையாடுவோனைக் காண்கின்றார்களா என்று ஒவ்வொரு கணமும் ஆராயும் செலவை அது குறைத்தது.

இம்மரமுறை கார்மக்கின் கண்டுபிடிப்பு எனப் பலர் நம்புகின்றனர். அது பிழை. 1969இல் ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் பயிற்சித் தேவைக்கென ஷூமாக்கரும் பிறரும் செய்த ஆய்வில் இதன் வித்து உள்ளது. 1980இல் ஹென்றி ஃபியூக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நெய்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் அது முழு வடிவம் பெற்றது. கார்மக் அதனைக் கற்று, முதலில் 1993இல் வுல்வென்ஸ்ரைனை நின்ரென்டோப் பொறிக்கு மாற்றுகையிற் கையாண்டு, பின்னர் டூமிற்குக் கொணர்ந்தார். பின்னிருவர் அக்காலத்திற் சார்ந்திருந்தது டலஸ் நகர்ப்புறத்து ரெக்சஸ் பல்கலைக்கழகம். டூம் ஆக்கப்பட்ட மெஸ்கீற் நகரும் அதே டலஸின் சூழலில் உள்ளது. பதின்மூன்று ஆண்டுகளாக ஆய்விதழில் இருந்த ஒரு கருத்து அண்டை ஊரை அடைந்த கதை இது. தனியொருவரின் மேதைமையாற் கணினி வரலாற்றை விளக்க முனைவோர்க்கு இது தக்க மறுப்பாகும். எனினும், ஆயிரக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகளுள் தேவையான ஒன்றைத் தேர்ந்து பயன்படுத்தும் கூர்மை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

மூன்றாவது, நமது நோக்கிற் பெரிதும் முதன்மை வாய்ந்தது. டூமின் காட்சிச் சாளரத்தை விளையாடுவோன் ஒரு விசையை அழுத்திச் சுருக்கவோ விரிக்கவோ முடியும். பிறிதொரு விசை, கிடைத்திசை நுணுக்கத்தைப் பாதியாக்கி, ஒவ்வொரு வரிசையையும் இருமுறை காட்டும். அக்காலத்து வி.ஜி.ஏ. திரையட்டையின் நினைவகத்தை நான்கு தளங்களாகப் பிரித்து ஆளும் முறை ஒன்று உண்டு. அடுத்தடுத்துள்ள நான்கு புள்ளிகள் நான்கு தளங்களில் அமையும். இரு தளங்களைச் சேர்த்துத் திறந்தால் ஒருமுறை எழுதுவது இரு புள்ளிகளை நிரப்பும். ஆகவே நுணுக்கம் குறைகையில் வரையும் உழைப்பும் ஏறத்தாழப் பாதியாகும். விளையாட்டின் காலமோ படங்களின் தொகையைச் சார்ந்ததன்று. படம் எத்துணை மெதுவாக மாறினும் உள்ளே நிகழ்வுகள் செக்கனுக்கு 35 அடிகளாகவே நகரும். முந்தைய விளையாட்டுக்கள் சில செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டமையால் புதிய கணினியில் அளவுமீறி ஓடின. கணினிப் பெட்டிகளில் வேகத்தைக் குறைப்பதற்கென ஒரு பொத்தான் வைக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. டூமில் 386 உடையவன் சிறிய, மங்கிய சாளரத்தினூடாகவும், 66 மெகாஹேர்ட்ஸ் 486 உடையவன் அகன்ற திரையிலும் ஒரே விளையாட்டை ஒரே காலவோட்டத்தில் ஆடினர். எதனை இழப்பது என்ற தீர்மானம் நிரலாளனிடமிருந்து பயன்படுத்துவோனின் கைக்கு வந்தது. இந்த ஏற்பாட்டை அக்காலத்து மிகப் பண்பட்ட ஏற்பாடுகளுள் ஒன்றாக நாம் மதிக்கின்றோம்.

1996 ஜூன் 22ஆம் திகதி வெளியான குவேக் விளையாட்டில் இந்த ஏற்பாடு முறிகின்றது. சாளரத்தைச் சுருக்கும் வசதி அதிலும் இருந்தது. ஆனால் அது காக்கக்கூடிய எல்லைக்கு அப்பாற் சிலர் தள்ளப்பட்டனர். குவேக்கின் உலகம் முழுமையான முப்பரிமாணம் உடையது. அறைமேல் அறை, சாய்ந்த பரப்பு, எத்திசையும் நோக்கும் கண் என டூம் மறுத்தவை எல்லாம் அதில் இடம்பெற்றன. எனவே வரிசைக்கு ஒரு வகுத்தல் என்ற சிக்கனம் கைவிடப்படவேண்டியதாயிற்று. 1995இல் நிறுவனத்திற் சேர்ந்த மைக்கல் ஏப்ரஷ், கார்மக்குடன் இணைந்து இதற்கொரு வழி கண்டார். பதினாறு புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் சரியான வகுத்தல். இடைப்பட்டவை நேர்கோட்டு அண்ணளவு. இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் செயலியில் மிதவைப்புள்ளி வகுத்தல் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, மறுபுறத்தே முழு எண் கட்டளைகள் இயங்கவல்லன. அடுத்த பதினாறுக்குரிய வகுத்தலைத் தொடக்கிவிட்டு, அது முடியும்வரை நடப்புப் பதினாறையும் வரைந்துகொண்டிருந்தால், வகுத்தலுக்கென வேறாக நேரம் செலவாவதில்லை. ஓரிடத்திலிருந்து காணத்தக்க பகுதிகள் எவை என்பதும், ஒளி நிழல்கள் எங்ஙனம் வீழும் என்பதும் முன்கூட்டியே கணிக்கப்பட்டன. ஒரு புள்ளியை ஒருமுறைக்கு மேல் வரையாதிருக்க அரங்கின் விளிம்புகள் வரிசைப்படுத்தப்பட்டன. நிரலாக்கக் கலையின் நோக்கில் குவேக் டூமினும் உயர்ந்த படைப்பு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதன் வேகம் ஒரு குறித்த செயலியின் உள்ளமைப்பின்மீது கட்டப்பட்ட வேகம். துணைச்செயலி இல்லாத 486எஸ்.எக்ஸ். கணினியில் அது ஓடவே மறுத்தது. மிதவைப்புள்ளிக் கணிப்பு மெதுவாக நிகழும் ஏனைய 486களில் தடுமாறியது. இவை பழைய செயலிகள். இவற்றின் நிலையை ஒருவாறு ஏற்கலாம். சைரிக்ஸ் நிறுவனத்தின் 6x86 செயலிக்கு நேர்ந்ததே ஆராயத்தக்கது. அது 1995இல் வந்த புதிய செயலி. 133 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய அதன் ஒரு வகைக்கு, அலுவலக நிரல்களைக் கொண்டு செய்த அளவீட்டின்படி 166 மெகாஹேர்ட்ஸ் பென்ரியத்துக்கு ஒப்பானது என்னும் பொருளில் 166+ என்ற தரக்குறி இடப்பட்டது. முழு எண் வேலையில் அக்கூற்று பொய்யன்று. விலையும் குறைவு. ஆனால் குவேக்கில் அது தன் தரக்குறிக்குரிய பென்ரியத்துக்கு வெகுதூரம் பின்தங்கியது. மிதவைப்புள்ளிப் பகுதி வலுவற்றதாயிருந்ததும், வகுத்தலும் வரைதலும் ஒருங்கே நிகழும் என்று எழுதப்பட்ட நிரல் அச்செயலியின் போக்கிற்குப் பொருந்தாமையுமே காரணங்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே5 செயலியும் இக்குறையினின்று தப்பவில்லை. சைரிக்ஸ் நிறுவனம் இருந்த ரிச்சட்சன் நகரும் டலஸின் புறநகரே என்பது வரலாற்றின் சிறு குறும்பு. 1997இல் அந்நிறுவனம் நஷனல் செமிகொண்டக்டர் நிறுவனத்திடம் கைமாறியது. இவ்வீழ்ச்சிக்கு ஒரு விளையாட்டையே காரணமாக்குதல் தகாது. சந்தையின் வேறு நெருக்கடிகளும் இருந்தன. எனினும் மலிவான செயலியை வாங்கியவனின் கண்ணில், நேற்றுவரை புதிதாயிருந்த அவனது கணினி ஒரே நாளிற் பழையதாயிற்று. கணினியில் எதுவும் மாறவில்லை. அதன்மீது வைக்கப்பட்ட அளவுகோல் மாறியது. ‘பழைய கணினி’ என்னும் தொடரை ஆண்டுக்கணக்கால் மட்டும் விளக்க முற்படுவோர் காணத்தவறுவது இதுவே.

குவேக்கின் பின் வந்தவை பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. 1996இன் பிற்பகுதியிலிருந்து வூடூ போன்ற முப்பரிமாணத் திரையட்டைகள் பரவின. 1997இல் குவேக்கும் அவற்றுக்கேற்ப மாற்றப்பட்டது. புள்ளிகளை வரையும் வேலை செயலியினின்று நீங்கியது. தனியட்டை வாங்குதல் என்பது விளையாட்டின் நுழைவுக் கட்டணமாயிற்று.

ஆனால் பழைய கணினியின் கதை அத்துடன் முடியவில்லை. 1997 டிசெம்பரில் டூமின் மூலநிரலும், 1999 டிசெம்பரில் குவேக்கின் மூலநிரலும் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டன. அதன்பின் எண்ணற்றோர் டூமை எண்ணற்ற பொறிகளில் ஓட்டிக் காட்டினர். அச்சுப்பொறியில் ஓட்டினோம், கணிப்பானில் ஓட்டினோம் என்ற செய்திகள் அவ்வப்போது வியப்புடன் பரப்பப்படுகின்றன. இவற்றை நாம் பெரிதாகக் கொள்வதில்லை. இன்றைய அச்சுப்பொறியின் உள்ளிருக்கும் செயலி அன்றைய 386ஐ விடப் பன்மடங்கு வலியது. மதிப்பிற்குரிய உழைப்பு வேறிடத்தில் நடைபெறுகின்றது. விரைவு டூம் என்னும் பொருள்பட ஃபாஸ்ட்டூம் எனப் பெயரிட்ட ஒரு நிரல், மீண்டும் 386க்கும் 486க்கும் என்றே, எம்எஸ்-டொஸ் இயங்குதளத்துக்கென்றே எழுதப்பட்டுள்ளது. கார்மக் விட்டுவைத்த துடிப்புக்களை அது ஒவ்வொன்றாகத் தேடிச் சேமிக்கின்றது. தரைக்கும் கூரைக்கும் கோலப்பரப்பு வேண்டாம் எனின் ஒற்றை நிறத்தைப் பூசிவிடலாம். வானத்தையும் அவ்வாறே செய்யலாம். 1995இல் டூமைச் சூப்பர் நின்ரென்டோவுக்கு மாற்றியோர் தரையையும் கூரையையும் இவ்வாறே வெறுமையாக விட்டனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அந்நிரலின் பயனைச் சோதிப்போர், விளையாட்டுடன் வந்த மூன்றாம் பதிவாட்டத்தையே ஓட்டுகின்றனர். 2,134 அடிகள் கொண்ட அப்பதிவாட்டம் முழு எண் கணிப்பின் பயனாக எக்கணினியிலும் மாறாது நிகழும். மாறுவது அது முடிய எடுக்கும் நேரம் மட்டுமே. நுணுக்கத்தைப் பாதியாக்கும் பழைய வழிக்கும் கீழாக இன்னொரு படியும் அந்நிரலில் உண்டு. வி.ஜி.ஏ. அட்டையின் நான்கு தளங்களும் ஒருங்கே திறக்கப்பட்டு, ஒருமுறை எழுதுவது நான்கு புள்ளிகளை நிரப்ப, 320 வரிசைகளுக்குப் பதிலாக 80 மட்டும் கணிக்கப்படும். உருளைக்கிழங்கு என்று அதற்குப் பெயரிட்டுள்ளனர்.